குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

1

இன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரின் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறு அறுந்து தொட்டிக்குள் விழுந்தது. போன ஆடியில் வடகரைக்குப் போகும் வழியில் ஒரு கோயிலில் கட்டியது. நைந்து நூலாகி, இன்றைக்கோ நாளைக்கோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நுரையோடு எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் குப்பைத் தொட்டிகள் மூன்று. மக்குவதற்கு ஒன்று, மறுசுழற்சிக்கு ஒன்று, எதற்கும் ஆகாததற்கு ஒன்று. சாமி கயிறு எந்தத் தொட்டியில் சேரும் என்று நகராட்சி அனுப்பிய படத்தில் இல்லை.

அந்தக் கயிறு எதற்கு என்று தென்காசியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். குடியை விடுவதற்கு. என் வீட்டுக்காரர் திருமலை பிறந்ததிலிருந்து இன்று வரை ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அப்படிப்பட்டவர் சொந்த ஊரில் திருந்திய குடிகாரர் என்று பெயர் வாங்கியது எப்படி என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, இனி மறைக்க என்ன இருக்கு" என்றார்.

2

மெல்பர்னில் நாங்கள் இருப்பது மேற்குப் பக்கப் புறநகர். நான் முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். அவர் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், மீனா. பத்தாவது படிக்கிறாள். தமிழில் சாப்பாடு கேட்கத் தெரியும், சண்டை போட ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள்.

இங்கே தெருவுக்குத் தெரு கிளப் உண்டு. கிளப் என்றதும் நம் ஊர் மனமகிழ் மன்றத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது குடும்பத்தோடு போகிற இடம். செவ்வாய்க்கிழமை குழந்தைகளுக்குச் சாப்பாடு இலவசம், விளையாட மணல்தொட்டி, பெரியவர்களுக்குத் தட்டை விட்டு வெளியே தொங்குகிற கோழி வறுவல். நாங்களும் அந்த இலவசச் சாப்பாட்டுக்குத்தான் முதலில் போனோம். சாப்பிடும் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இன்னொரு கூடம் இருந்தது. அதற்கு ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. வரிசை வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முக்காலி. காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கி ஆடுகிற அந்தப் பெட்டிக்குப் போக்கீஸ் என்று பெயர். ஏதோ பேரப்பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பெயர் மாதிரி இருக்கிறது என்று நான்தான் சிரித்தேன்.

அவர் கழிப்பறைக்குப் போகிற நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு சாப்பாடு இல்லாமலே போக ஆரம்பித்தார். பிறகு ஓவர்டைம் என்றார். எனக்குத் தெரிந்தபோது எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எனக்குத் தாங்காமல் போனது வேறொன்று. கையும் களவுமாகப் பிடித்து நிறுத்திய பிறகும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆமா, போனேன்" என்று இரண்டு சொல். அது அந்த மனிதருக்கு வாயில் வரவில்லை. வெயில் என்பார், டிராஃபிக் என்பார், சூப்பர்வைசர் என்பார். பொய் சொல்வதற்கு அவருக்கு இருந்த சொல்வளம் கல்யாணம் ஆன புதிதில் இருந்திருந்தால் நான் எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்பேன்.

3

எங்கள் குடும்ப மருத்துவர் ஒரு கிரேக்கப் பெண்மணி. அவரிடம் விஷயத்தைச் சொன்னது நான். இவர் தரைவிரிப்பில் இருந்த ஒரு கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பொத்தானை அமுக்கும்போது மூளைக்குள் ஒரு கிறுகிறுப்பு வருகிறதே, அந்தக் கதவை இது பாதி சாத்திவைக்குமாம். ஆட்டத்துக்கென்றே செய்த மாத்திரை எதுவும் கிடையாது, இது குடிக்கும் அபினுக்கும் அடிமையானவர்களுக்கு வந்தது, சூதாடுகிறவர்களில் சிலருக்கும் கேட்கிறது, எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், கடுமையான வலி மாத்திரைகளோடு இதைச் சேர்க்கவே கூடாது, முதலில் கொஞ்சம் குமட்டும். கடைசியாக ஒன்று சொன்னார். மாத்திரை பாதி, பேச்சு மீதி. ஆலோசகரிடம் போய்ப் பேசவும் வேண்டும்.

பாதியை இவர் ஒழுங்காகச் செய்தார். காலையில் இட்லியோ ரொட்டியோ எதைத் தின்றாலும் பின்னாலேயே மாத்திரை. குமட்டியது, தலை வலித்தது, பொறுத்துக்கொண்டார். மீதிப் பாதிக்குப் போன கதை வேறு. மனதில் உள்ளதைத் தாய்மொழியில் பேசினால் நல்லது என்று ஆலோசகர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். அந்த அம்மாள் சுத்தமான மேடைத் தமிழ். "தாங்கள் சூதாட்டத்தில் ஈடுபடத் தொடங்கிய காலம் எது?" என்று கேட்டார். இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சூதாட்டம் என்றால் பகடை உருட்டி நாட்டை இழப்பது, நான் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினவன், என்னைப் போய் அந்த லிஸ்டில் சேர்ப்பதா என்று எழுந்து வந்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்குத்தான் நான் சொன்னேன். லீவு போட்டு ஊருக்குப் போவோம். அங்கே போக்கீஸ் கிடையாது. திரும்பி வருவதற்குள் நீங்களாக ஒரு நாள் வாயைத் திறந்து நான் இன்னது செய்தேன் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வந்ததும் நானும் மீனாவும் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம். கோபத்தில் சொன்னது இல்லை. அழுது தீர்த்த பிறகு, அமைதியாகச் சொன்னது. அவர் தலையை ஆட்டினார். தலையாட்ட அவர் எப்போதும் தயார்.

4

போனது ஆடிச் சாரலில். சாரல் அடிக்கும்போது தென்காசியில் துணி காயாது, மனசு காய்ந்துவிடும் என்பார்கள் என் பள்ளிக்கூடத்துச் சினேகிதிகள். எங்களுக்கு இரண்டுமே காயவில்லை. வீரகேரளம்புதூரில் ஒரு பத்திரத்துக்கு இவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆதார் அட்டையில் திருமலை, பாஸ்போர்ட்டில் திருமலைக்குமார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இவர் நேரில் வந்து நின்றது போதாதாம். இரண்டு பேரையும் தெரிந்த மூன்றாவது ஆளிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள்.

தங்கியது மேலகரத்தில், இவர் அண்ணன் வீட்டில். அவர் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. ஆலங்குளத்தில் வேலை பார்த்த காலத்தில் சீட்டாடுகிறவர்களைக் கிணற்று மேட்டிலிருந்து விரட்டிப் பிடித்தவர். தம்பியின் விஷயத்தை நான்தான் ஃபோனில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். வந்து இறங்கிய அன்றே மாத்திரைப் புட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் தம்பியை வரவழைத்து, மாத்திரையை விழுங்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். அண்ணாச்சியின் மனைவி, நான் அக்கா என்பவர், அந்த மாத்திரைக்குப் பத்தியம் என்ன என்று கேட்டார். பத்தியம் இல்லை என்றேன். பத்தியம் இல்லாத மருந்து எப்படிக் கேட்கும் என்று அவராகவே கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டார்.

ஐந்தருவிக்குப் போனபோதும் புட்டி அண்ணாச்சியிடம்தான் இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சட்டையைக் கழற்றும்போது அதை மஞ்சள் பைக்குள் வைத்துச் சுவரில் வைத்தார். நாற்பது வருடப் போலீஸ் அனுபவத்தில் அவர் கண்காணிக்கத் தவறிய ஒரே ஆசாமி அங்கே சுவரில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பையோடு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. எலுமிச்சம் சாதப் பொட்டலத்தைத் தூர எறிந்துவிட்டு மாத்திரைப் புட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. அது ஆஸ்திரேலியப் புட்டி. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று அழுத்தித் திருகினால்தான் திறக்கும்படி மூடி போட்டிருப்பார்கள். குரங்கு திருகிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தது. மறுபடி திருகியது. விடவே இல்லை. கீழே ஒரு கூட்டமே எண்ணெய் வழிய நின்று, திறந்துவிடும், திறக்காது என்று பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டது. இவர் மட்டும் பந்தயம் கட்டவில்லை. குரங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அது புட்டியை அருவித் தண்ணீரில் எறிந்தது. அதைத் தின்றிருந்தால் குரங்குக்கு என்ன ஆகியிருக்கும் என்று மீனா கேட்டாள். ஒன்றும் ஆகாது, வாழைப்பழத்தில் ருசி தெரியாமல் போயிருக்கும் என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள்.

5

மாத்திரையைத் திடீரென்று விடக் கூடாதே என்று எனக்குக் கவலை. மறுநாள் தென்காசியில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். மெல்பர்ன் சீட்டைக் காட்டினேன். வெளிநாட்டுச் சீட்டு செல்லாது, இங்கே ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார் கடைக்காரர். பிறகு மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இவரை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். குரலில் ஒரு பரிவு வந்துவிட்டது.

"விடணும்னு நெனச்சீங்க பாருங்க, அதுவே பெருசு சார். எங்க மச்சான் இதப் போட்டுத்தான் நிறுத்துனான். சரக்கு பேரக் கேட்டாலே தள்ளாடுதவன் அவன்."

கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் அண்ணாச்சியின் சம்பந்தி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். நான் வாயைத் திறந்தேன். இவர் கீழே என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார், செருப்புப் போட்டிருந்தும் வலித்தது. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "ஆமா, விட்டுரணும்" என்றார்.

டாக்டரிடமும் அதே கதைதான். எவ்வளவு குடிப்பீங்க என்று கேட்டார். குடிக்கதில்ல என்றார் இவர். டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொல்லட்டுமா என்று இவரைப் பார்த்தேன். மறுபடியும் கால். கால் வீங்கிவிடும் என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவு குடித்தும் ஈரல் பச்சைப் பிள்ளையின் ஈரல் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு பேரும் அதிசயப்பட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு கலப்படம் இல்லாதது என்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாத்திரை கிடைத்துவிட்டது.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குடிக்காத குடிக்குக் குடிகாரர் என்று பெயர் வாங்கத் தயாராக இருக்கிற மனிதர், செய்ததைச் செய்தேன் என்று சொல்லத் தயாராக இல்லை. "ஏன் இப்படிப் பண்ணுதிய?" என்று கேட்டேன். இவர் சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

6

சாயங்காலத்துக்குள் மேலகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. எல்லோருக்கும் இவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு இவரோடு பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் விஷயம் கிடைத்துவிட்டது. வந்து தோளில் கை போட்டார்கள். தங்கள் வீட்டுக் குடிகாரர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு அம்மாள் தன் மருமகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இவரைக் காட்டி, பாரு, எப்படித் தெளிவா இருக்காரு என்றார். மருமகன் இவரிடம், முதல் வாரம் கை நடுங்குமா என்று ரகசியமாகக் கேட்டான். நடுங்கும் என்று இவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அண்ணாச்சிக்கு இதில் பரம திருப்தி. உண்மை தெரிந்த ஆள் அவர்தான். ஆனாலும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"குடிகாரன்னா ஊரு மன்னிச்சிரும் தாயி. குடிக்காத வீடு எங்கன இருக்கு? சூதாடின்னா மன்னிக்காது. அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டான். நம்ம மீனாவுக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்குல்லா? அவன் குடிகாரனாவே இருந்துட்டுப் போட்டும்."

இதைச் சொன்னபோது அவர் சட்டைப் பையில் கேரளா லாட்டரி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, ஆரியங்காவில் போய் வாங்கி வருவார். 'நாளெயாணு, நாளெயாணு', குலுக்கல் நாளைக்கு என்று சீட்டு விற்கிறவன் கூவுகிற மாதிரியே வீட்டில் பேரனுக்குக் கூவிக் காட்டுவார். அது என்ன கணக்கு அத்தான் என்று கேட்டேன். அது கவர்ன்மெண்டு நடத்துதது, சேட்டனுக ஆஸ்பத்திரி கட்டுதானுக, அது தர்மத்துல சேர்த்தி என்றார். எங்கள் ஊர் போக்கீஸும் கவர்ன்மெண்டுக்கு வரி கட்டித்தான் ஓடுகிறது என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

பெயர் பரவிய பிறகு அதற்கு ஏற்ற மரியாதையும் செய்தாக வேண்டுமே. வடகரைக்குப் போகும் வழியில் வயலுக்கு நடுவே ஒரு சுடலைமாடன் கோயில். குடியை விடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும் வரை தொடக் கூடாது. தொட்டால் சுடலை கேட்பான். மருந்துக் கடைக்காரரில் தொடங்கி எல்லோரும் இதைச் சொல்ல, போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று அண்ணாச்சி நாள் குறித்துவிட்டார். எங்கள் விமானத்துக்குச் சில நாட்களே இருந்தன. இவர் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெல்பர்னில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியிடம் வாடகை வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று நான் மெசேஜ் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு அக்கா பார்க்காமல் அடுப்படியில் நின்று அழுதேன்.

7

கோயிலில் வரிசை நீளமாக இருந்தது. பூசாரி மற்ற நாட்களில் மினி பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் கை வேகம் இங்கேயும் இருந்தது. முன்னால போங்க, முன்னால போங்க என்று ஆளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. பேரு, ஊரு, விடுத சாமான். மூன்றையும் அவரவர் வாயால் சாமிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொன்னால் செல்லாது. பிராந்தி என்றான் ஒருவன். பீரு மட்டும் என்றான் அடுத்தவன். ஒரு பெரியவர் 'எல்லாம்' என்றார். சொல்லி முடித்ததும் விரலி மஞ்சள் துண்டு கோத்த கறுப்புக் கயிற்றைக் கட்டி, நெற்றியில் திருநீற்றை அப்பி, முன்னால போங்க.

எங்கள் முறை வந்தது. இவருக்குப் பின்னால் நானும் மீனாவும், பக்கத்தில் அண்ணாச்சி.

பேரைச் சொன்னார். ஊருக்கு அண்ணாச்சி ஆஸ்திரேலியா என்றார். சொந்த ஊரச் சொல்லுங்க, சாமிக்கு அட்ரஸ் விளங்கணும் என்றார் பூசாரி. மேலகரம் என்றார் இவர்.

"விடுத சாமான்?"

"குடிதான்" என்றார் அண்ணாச்சி.

"அவுக வாயால சொல்லட்டும்."

கற்பூரம் எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் இவர் சொன்னார்.

"நான் குடிச்சதே இல்ல."

வரிசை முழுக்கச் சிரிப்பு. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "இங்கன வாரவன் பூரா இதத்தான் சொல்லுதான். சாமிகிட்ட என்னத்துக்குப் பொய்யி?"

"நெசமாத்தான். நான் குடிகாரன் இல்ல. மிஷின்ல ஆடுதவன்."

அண்ணாச்சி, "லே திருமலை, என்னத்தலே உளறுத" என்று பல்லைக் கடித்தார். பூசாரி அவரைப் பார்த்து, போலீஸ்காரரு செத்தத் தள்ளி நில்லுங்க என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"என்ன மிஷினு? எனக்கே விளங்கல, சாமிக்கு எப்படி விளங்கும்? வெவரமாச் சொல்லும்."

சொன்னால் நம்பமாட்டீர்கள். வயலுக்கு நடுவில், சாரலில், மீசையும் அரிவாளுமாக நிற்கிற சுடலைமாடனுக்கு என் வீட்டுக்காரர் போக்கீஸ் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். ஒரு பெட்டி, முன்னால் ஒரு முக்காலி. பொத்தானை அமுக்கினால் படங்கள் சுற்றும். என்ன படம் என்று பூசாரி கேட்டார். குதிரை, மீன், முத்துமாலை என்றார். சுற்றி நின்றால்? நின்றால் மறுபடி அமுக்க வேண்டும். ஜெயித்தால்? ஜெயித்தாலும் மறுபடி அமுக்க வேண்டும். தோற்றால்? அதற்கும் அதேதான். பூசாரி சாமியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"எதுக்கு?"

கிரேக்க மருத்துவரும் ஆலோசகரும் மேடைத் தமிழ் அம்மாளும் கேட்காத கேள்வி. நான்கூட எப்போது, எவ்வளவு, யாரோடு என்றெல்லாம் குடைந்தேனே தவிர, இதைக் கேட்டதில்லை.

"தெரியல" என்றார். பிறகு சொன்னார், "அங்கன உக்காந்தா ஒருத்தரும் என்ன ஒண்ணுங் கேக்க மாட்டாக. வேலைக்கு இங்கிலீஷு வேணும், பேங்குக்கு இங்கிலீஷு வேணும், பெத்த பிள்ளகூடப் பேச இங்கிலீஷு வேணும். பொத்தானுக்கு வேண்டாம்."

இவர் சாமியைப் பார்த்துத்தான் பேசினார், எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ள பள்ளிக்கூடத்துல வயலின் வாசிச்ச அன்னைக்கு ஓவர்டைம்னு சொன்னேன். அன்னைக்கும் அங்கனதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து, நல்லா வாசிச்சியாமேன்னு கேட்டேன். அவளும் ஆமான்னா."

கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் பேசுவதையெல்லாம் மீனாவுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் அவளுக்கு விளங்கியிருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பூசாரி கயிற்றைக் கட்டினார். பின்னால் இருந்து ஒரு பையன், "ஃபோன்ல ரம்மி ஆடுததுக்கும் இங்கன கட்டுவியளா?" என்றான். ஒம்ம முற வரும் நில்லும் என்றார் பூசாரி. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. விரதம் என்று அக்கா காலையில் பட்டினி போட்டதில் இவர் அன்றைய மாத்திரையைப் போடவில்லை. கைப்பையிலிருந்து எடுத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றேன். பூசாரி ஒரு கை சர்க்கரைப் பொங்கலை இவர் கையில் வைத்து முதலில் இதத் தின்னும் என்றார். மாத்திரை அட்டையை என்னிடமிருந்து வாங்கிச் சாமி காலடியில் வைத்தார், அதன் மேலும் திருநீறு போட்டார். எத்தனை மாதத்துக்கு விடுகிறீர் என்று கேட்டார். டாக்டரு மாத்திரையப் போதும்னு சொல்லுத மட்டும் என்றார் இவர். சரி, சாமியும் டாக்டரும் கலந்து பேசிக்கிடட்டும் என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மாத்திரையை விழுங்கத் தண்ணீர் இல்லை. மீனா தன் முதுகுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அப்பாவிடம் நீட்டினாள். அவள் கோபம் போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அண்ணாச்சி காரின் முன்சீட்டில், மானம் போன சப்-இன்ஸ்பெக்டராக விறைத்து உட்கார்ந்திருந்தார். நான் பின்சீட்டில் இருந்து, வாடகை வீடு வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பினேன். அண்ணாச்சி பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இவர் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பாவம், குடியில் மூளை குழம்பி ஏதோ மிஷின் அது இது என்று பேசுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் தென்காசியில் இவர் குடிகாரர்தான்.

8

மெல்பர்ன் விமான நிலையத்தில் கயிற்றை மடக்கிவிட்டார்கள். மஞ்சள் துண்டு தாவரப் பொருளாம். மாத்திரைச் சீட்டு, ஊறுகாய், அக்கா கொடுத்த வடகம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த நாங்கள் கையில் கட்டியிருந்ததை எழுத மறந்துவிட்டோம். அதிகாரி ஒரு பெண். பூச்சி இருக்கிறதா என்று கண்ணாடி வைத்து மணிக்கட்டைப் பார்த்தார். இது எதற்காகக் கட்டியது என்று கேட்டார்.

நான் பதிலுக்கு வாயெடுத்தேன், பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மிதி விழவில்லை. சூதாட்டத்தை விடுவதற்கு என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். வேலை செய்கிறதா என்று கேட்டார். இதோடு மாத்திரையும் போடுகிறேன் என்றார் இவர். அவர் கத்தரிக்கோலால் மஞ்சள் துண்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிட்டார். எங்களை அனுப்பும்போது, அந்தக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அலுவலகக் காரியமாகக் கேட்டாரா, சொந்தக் காரியமாகக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அதன் பிறகு இவர் ஆலோசகரிடம் போகிறார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் ஆங்கிலத்திலேயே தட்டுத் தடுமாறிப் பேசுகிறாராம். இடையில் ஒரு முறை வழுக்கினார். அன்றைக்கே சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

போன வாரம் அண்ணாச்சி வீடியோ காலில் வந்தார். ஊர்க் கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, அக்கா அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார். அந்த மாத்திரைக்குப் பேரு என்ன, தெரிஞ்ச ஒருத்தனுக்கு வேணும் என்றார். பேரை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை அத்தான், டாக்டரைப் பார்க்கணும், ஈரலைப் பார்க்கணும், அந்த ஒருத்தர் முட்டுவலிக்கு ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லணும் என்றேன். "முட்டுவலிக்குச் சாப்பிடுதான்" என்றார் உடனே. எதை விட வேண்டும் என்பதையும் அந்த ஒருத்தர் தன் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். மெல்பர்னில் குளிர் எப்படி என்று கேட்டார் அண்ணாச்சி.

9

கயிற்றை எந்தத் தொட்டியிலும் போடவில்லை. ஜன்னலோரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது, அந்த மண்ணில் புதைத்தோம். கையைக் கழுவிவிட்டு இவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். நான் தோசையை எடுத்து வைத்துவிட்டு மாத்திரைப் புட்டிக்குக் கை நீட்டினேன்.

"நேத்து கிளப்பு வாசல் மட்டும் போனேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. எதையும் கண்டுபிடித்திருக்கவும் இல்லை. ஓவர்டைம் என்று நேற்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"உள்ள போகல. காருக்குள்ளயே இருந்தேன். இருந்துட்டு வந்துட்டேன்."

எனக்குக் கத்தத் தோன்றியது. பயமாகவும் இருந்தது. அதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மூன்றையும் செய்யாமல், அந்த மினி பஸ் கண்டக்டர் கேட்ட மாதிரியே கேட்டேன்.

"எதுக்கு?"

முன்பென்றால் வெயில், டிராஃபிக், சூப்பர்வைசர் என்று வரிசையாக வந்திருக்கும். இவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார். உள்ளே மீனா வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல, செண்பகம்" என்றார்.

சரி, முதல்ல சாப்பிடுங்க என்று தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்தேன்.